நம்ம சொந்தங்கள் குரூப்: பாப்பா சிட்லிங்கிக்குப் போகலாமா?

சேலம் அத்தை: எம்பிபிஎஸ் முடிச்ச புள்ள, தர்மபுரி மாவட்டத்துல அரூர் பக்கம் இருக்கற சிட்லிங்கி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறேன்ங்குது. அங்க என்ன இருக்கு, மலையும் மாடும்தானே! யாராச்சும் புத்தி சொல்லுங்க 🙏

பாப்பா: அம்மா!! குரூப்ல போடாதீங்கன்னு சொன்னேன்ல 🤦‍♀️

அரூர் பெரியப்பா: தங்கச்சி, அந்த ரூட்ல கண்டக்டரா ஓடினவன் நான். 93-ல டாக்டர் ரெஜியும் லலிதாம்மாவும் ஆரம்பிச்சப்போ அது ஒரு கூரைக் கொட்டாய். மலைக்காரங்களே கட்டிக் குடுத்தது. ஒரு 100 வாட்ஸ் பல்பு, ஒரு பெஞ்சு. கட்டில்கூட கிடையாது

அரூர் பெரியப்பா: அதுக்கு முன்னாடி வலி எடுத்தவள கயித்துக் கட்டிலோட தூக்கிட்டு ரோட்டுக்கு வருவாங்க. பஸ் வர்றவரைக்கும் புளியமரத்தடிதான். ஒரு தடவ எங்க டிரைவர் எந்த ஸ்டாப்புலயும் நிறுத்தாம அரூருக்கு விட்டாரு. பின் சீட்டுல அந்தப் பொண்ணு என் பைய இறுக்கிப் புடிச்சுட்டே வந்துச்சு. சில்லறையெல்லாம் கீழ கொட்டிப்போச்சு

சித்தப்பா: 😔

பாப்பா: அப்போ அங்க 1000 குழந்தை பொறந்தா 147 குழந்தை ஒரு வயசு தாண்டாது மாமா. இப்போ அது 20 பக்கம் வந்திருக்கு

சேலம் அத்தை: இப்பவும் கொட்டாய்தானா?

பாப்பா: மூணு வருஷத்துலயே 10 படுக்கை கட்டிடம் வந்துடுச்சு. இப்போ 35. ஆபரேஷன் தியேட்டர், லேப் எல்லாம் இருக்கு. லலிதா மேடம் பிரசவம் பார்ப்பாங்க, ரெஜி சார் மயக்க மருந்து டாக்டர். நர்ஸுங்க பெரும்பாலும் அந்த மலைப் பொண்ணுங்கதான், இவங்களே பழக்கினது. ஊருக்கு ஊர் ஒரு அக்கா உண்டு, மாசமா இருக்கறவங்களுக்கு எடை, பிபி பார்க்க

நான்: அத்தை, நீங்க டிவி மேல விரிச்சிருக்கீங்களே லம்பாடித் தையல் துணி, அதுவும் அங்க ‘போர்கை’ பொம்பளைங்க போட்டதுதான். ஆஸ்பத்திரிக்காரங்க சேர்த்துவிட்ட கூட்டம்

சித்தப்பா: அங்க இயற்கை விவசாயச் சங்கமும் இருக்கு. சாமை வாங்கிட்டு வரச் சொல்லுங்க 😋

சேலம் அத்தை: உனக்கு எப்பவும் சோறுதான். சம்பளம் என்னடி?

பாப்பா: 🙈

சேலம் அத்தை: தெரியும். ஒரு வருஷம்தான், அதுக்கு மேல பேசக் கூடாது. அண்ணா, நீங்களே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாங்க

அரூர் பெரியப்பா: எனக்குப் பாஸ் இருக்கு. டிக்கெட் காச டாக்டரம்மா குடுக்கட்டும் 😄