குடும்பக் குழு: பெரியம்மாவின் கால் எரிவும் கனடாப் போத்தலும்

பெரியம்மா: ஒருவருக்கும் நித்திரை இல்லையோ? எனக்குக் கால் எரிவு தாங்க முடியவில்லை. பாதம் இரண்டும் மிளகாய்த்தூள் பூசினது போல. போர்வை முட்டினாலே நோகுது, ஆனால் விரலைக் கிள்ளிப் பார்த்தால் உணர்ச்சி இல்லை.

அம்மா: அக்கா, பனடோல் போட்டீங்களா?

பெரியம்மா: இரண்டு போட்டேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

அம்மா: வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துப் பாருங்கோ.

தர்சினி: அம்மா, வேண்டாம். விறைத்த காலுக்குச் சூடு தெரியாது. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் பெரியம்மா இதமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டிருப்பா, காலையில் கொப்புளம் இருக்கும். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கோ பெரியம்மா, ஐஸ் வைக்க வேண்டாம்.

கனடா மாமா: அக்கா, நான் பெட்டியில் அனுப்பின நரம்பு விற்றமினை ஒழுங்காக எடுக்கிறீங்களா? காலையில் இரண்டு, இரவில் இரண்டு. இங்கே ஸ்காபரோவில் வேலைக்குப் போகிற ஆட்கள் எல்லோரும் அதுதான் எடுக்கிறார்கள்.

சுதன் அண்ணா: எடுக்கிறா மாமா. போத்தல் முடியப் போகுது. அதோடு போன கிழமை சந்தியில் பார்மசியிலும் ஒரு சிவப்பு நரம்புக் குளிசை வாங்கித் தொடங்கியிருக்கிறா, டொக்டர் எழுதின துண்டு ஒன்றும் இல்லாமல். கிளினிக் குளிசைகள் வேறு.

தர்சினி: அண்ணா, போத்தலையும் சிவப்புக் குளிசை அட்டையையும் பின்பக்கம் படம் எடுத்துப் போடுங்கோ. சின்ன எழுத்து வாசிக்கக் கூடிய மாதிரி.

சுதன் அண்ணா: (இரண்டு படங்கள்)

தர்சினி: பார்த்தேன். மாமா கோபிக்க வேண்டாம், அக்காவின் நோவைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் அனுப்பினீர்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் போத்தலில் ஒரு குளிசைக்கு விற்றமின் பி6 50 மில்லிகிராம். நாலு போட்டால் 200. சிவப்பு அட்டையில் இன்னொரு 100. பெரியம்மாவின் வயதில் ஒரு நாளைக்குத் தேவை ஒன்றரை மில்லிகிராம் அளவுதான், அது சோறு, கடலை, உருளைக்கிழங்கு, வாழைப்பழத்திலேயே வந்துவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023 இல் பெரியவர்களுக்கு உச்ச அளவை 25 இலிருந்து 12 மில்லிகிராமாகக் குறைத்தது. அமெரிக்கக் கணக்கில் உச்சம் 100. எந்தக் கணக்கில் பார்த்தாலும் பெரியம்மா எடுக்கிறது மிக அதிகம்.

கனடா மாமா: விற்றமின் தானே பிள்ளை. கூடினது சிறுநீரோடு போய்விடும் என்றுதானே சொல்கிறார்கள், சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே.

தர்சினி: மஞ்சளாகப் போவது பி2 மாமா. பி6 நீரில் கரைகிறதுதான், ஆனாலும் கூடிய அளவில் கனநாள் எடுத்தால் உணர்ச்சி நரம்புகளையே கெடுக்கும். என்ன குறி காட்டும் தெரியுமா? கால் விறைப்பு, எரிவு, நடக்கும்போது தள்ளாட்டம். எதற்காக எடுக்கிறோமோ அதையே கொண்டுவரும். நோ கூடிவிட்டது என்று ஆட்கள் இன்னும் இரண்டு கூட்டிப் போடுவார்கள். எங்கள் பார்மசிக் கவுண்டருக்கு வந்து "நரம்புக்கு நல்லதாக ஒன்று" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் ஏற்கெனவே என்ன போத்தல் இருக்கிறது என்றுதான். ஒவ்வொரு போத்தலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கூட்டிப் பார்க்க வேண்டும். சத்துமா, எனர்ஜி பானம் எல்லாவற்றிலும் பி6 சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

பெரியம்மா: அப்ப எல்லாவற்றையும் நிறுத்தவா பிள்ளை?

தர்சினி: இல்லை இல்லை. கிளினிக்கில் தந்த ஒன்றையும் நிறுத்தக் கூடாது. கனடாப் போத்தலையும் சிவப்பு அட்டையையும் மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கோ. எறிய வேண்டாம், கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்ட வேண்டும். பி6 ஆல் வந்த கேடு என்றால் நிறுத்தினபின் மெல்ல மெல்லக் குறையும், பெரும்பாலானவர்களுக்கு. நாளாகும்.

கனடா மாமா: மனம் கஷ்டமாக இருக்கிறது.

பெரியம்மா: நீ ஒன்றுக்கும் யோசிக்காதே தம்பி. போத்தல் வர முந்தியே எனக்கு எரிவு இருந்தது.

தர்சினி: அதுதான் எனக்கும் யோசனை. பெரியம்மா, சீனி வருத்தத்துக்குத் தந்த மெற்போர்மின் எவ்வளவு காலமாகப் போடுகிறீர்கள்?

பெரியம்மா: பெரியப்பா இருந்த காலம் தொட்டு. காலை ஒன்று இரவு ஒன்று.

தர்சினி: மீன், இறைச்சி என்று மச்சம் விட்டும் கன வருடம். முட்டையும் இல்லை. பால்?

சுதன் அண்ணா: சீனி கூடும் என்று பால் தேத்தண்ணியையும் விட்டுவிட்டா. வெறும் தேத்தண்ணிதான்.

தர்சினி: அப்படியென்றால் பி12 பார்க்காமல் இருக்கவே கூடாது. பி12 மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் இவற்றில்தான் இருக்கிறது. மெற்போர்மின் சீனிக்கு நல்ல மருந்து, அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். 2022 இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அடிக்கடி வரக்கூடிய பக்கவிளைவு என்று அறிவித்து, கை கால் விறைப்பு உள்ளவர்களுக்குப் பி12 பார்க்கச் சொன்னது. ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான கையிருப்பு இருக்கும், அதனால் மச்சம் விட்ட அடுத்த மாதமே ஒன்றும் தெரியாது. கையிருப்பு முடிகிறபோது விறைப்பு, நாக்கு எரிவு, மறதி, களைப்பு எல்லாம் தொடங்கும். வயிற்றெரிவுக்கு ஒமெப்பிரசோல் கனகாலம் எடுக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

அம்மா: முருங்கையிலையும் வல்லாரையும் நல்லாச் சாப்பிடுறா அக்கா. அதில் எல்லாச் சத்தும் இருக்கே.

தர்சினி: சாப்பிடட்டும் அம்மா, நல்ல சாப்பாடு. ஆனால் பி12 மட்டும் கீரையில் இல்லை. சுருள்பாசித் தூளில் இருக்கிறது என்று போத்தலில் போட்டு விற்கிறார்கள், அதில் பெரும்பாலும் இருப்பது எங்கள் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வகை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பி12 குறைந்தவர்களுக்கு ஃபோலிக் அசிட் மட்டும் கொடுத்தால் இரத்தச்சோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அதனால்தான் பார்க்காமல் விழுங்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சுதன் அண்ணா: சரி, வெள்ளிக்கிழமை கிளினிக். நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

தர்சினி: சிவப்புக் குளிசையில் பி12 உம் இருக்கிறது அண்ணா. அதனால் இரத்தத்தில் இப்போது உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். எப்போது தொடங்கினா என்று டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கோ. திடீரென்று ஒரு கால் பலம் இழந்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

(வெள்ளிக்கிழமை மாலை)

சுதன் அண்ணா: போய் வந்தோம். டொக்டர் இசைக்கவை ஒன்றைத் தட்டிப் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார், பிறகு நைலோன் நூல் மாதிரி ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். என் அம்மாவுக்கு விரல்களில் ஒன்றும் தெரியவில்லை, கணுக்காலில்தான் தெரிந்தது. போத்தலைப் பார்த்து நிறுத்தினது நல்லது என்றார். சீனியாலும் நரம்பு பாதித்திருக்கிறது, சீனியின் மூன்று மாதச் சராசரி கூடுதலாக இருக்கிறது. பி12 எழுதித் தந்தார், வெளியில் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். நோவுக்கு இரவில் அமிற்றிரிப்டிலின் 10 மில்லிகிராம்.

பெரியம்மா: அதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் பார்த்துவிட்டு அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசை என்கிறா. எனக்கு மனதில் வருத்தம் என்று டொக்டர் நினைத்துவிட்டாரோ? எனக்கு நோகிறது, நான் பொய் சொல்லவில்லை.

சித்தப்பா: மச்சாள், நான் இந்தக் குழுவில் வாசிக்கிறதோடு சரி, எழுதுவது குறைவு. ஆனால் இதற்கு எழுதாமல் இருக்க முடியாது. முகமாலையில் மிதிவெடியில் போன என் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இல்லாத அந்தக் காலின் பெருவிரல் இன்றைக்கும் எரியும், சில இரவில் யாரோ முறுக்குகிற மாதிரி இழுக்கும். கனகாலம் ஒருவருக்கும் சொல்லவில்லை, இவனுக்கு மண்டை பிசகிவிட்டது என்று நினைப்பார்கள் என்று. கடைசியில் டொக்டரிடம் சொன்னபோது அவர் தந்ததும் இதே குளிசைதான். எனக்கு மனநோய் என்று தரவில்லை. நரம்பு அனுப்புகிற நோவை முள்ளந்தண்டுக்குள்ளேயே கொஞ்சம் அமர்த்துகிறதாம் அது, மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவைவிட நன்றாகக் குறைந்த அளவிலேயே. உங்கள் நோ பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை மச்சாள்.

பெரியம்மா: எனக்கு இவ்வளவு நாளும் தெரியாதே. ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்.

சித்தப்பா: சொல்லி என்ன என்று இருந்துவிட்டேன். ஆனால் ஒன்று, முதல் நாளே ஓடிப்போகும் என்று நினைக்க வேண்டாம். எனக்குச் சில கிழமை எடுத்தது. வாய் காயும், காலையில் தலை கிறுகிறுக்கிற மாதிரி இருக்கும். இப்போதும் நோ முழுதாகப் போகவில்லை, அரைவாசியாவது குறைந்து நித்திரை வருகிறது. நித்திரை வந்தால் பகலில் தாங்கலாம். நோ கூடின நாளில் படுத்தே கிடந்தால் எனக்கு இன்னும் கூடும், அதனால் தோட்டத்துக்குப் போய் வெங்காயத்துக்குத் தண்ணீராவது கட்டிவிட்டு வருவேன். கண்ணாடிப் பயிற்சியும் செய்கிறேன். இரண்டு காலுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலை அதில் பார்த்துக்கொண்டு அசைத்தால் மற்றதும் அசைவது போலத் தெரியும், முறுக்கல் கொஞ்சம் தளரும். வி. எஸ். இராமச்சந்திரன் என்கிற தமிழ்நாட்டு விஞ்ஞானி தொண்ணூறுகளில் அமெரிக்காவில் கண்டுபிடித்த முறையாம்.

தர்சினி: சித்தப்பா, நீங்கள் எழுதினது எவ்வளவு பெரிய உதவி. பெரியம்மா, அந்தக் குளிசையைப் படுக்கப் போகச் சற்று முன்னேரத்தோடு போடுங்கோ. இரவில் எழும்பும்போது சட்டென்று எழும்ப வேண்டாம், கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்து, லைட்டைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். சிறுநீர் போகக் கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கோ. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அது சரிவராவிட்டால் கபபென்ரின், டுலொக்செற்றின் என்று வேறும் இருக்கிறது, டொக்டர் பார்ப்பார்.

(செவ்வாய்க்கிழமை)

சுதன் அண்ணா: ரிப்போட் வந்தது. பி12 230. ஆய்வுகூடத் தாளில் எல்லைக்குள் என்றுதான் போட்டிருக்கிறது. டொக்டரிடம் காட்டினேன், குளிசை எடுத்துக்கொண்டே 230 என்றால் உள்ளே குறைவு என்றுதான் எடுக்க வேண்டும், கால் நிலைமையும் அப்படித்தான் சொல்கிறது என்றார். ஊசி தொடங்கியாயிற்று.

கனடா மாமா: ஊசியோடு சுகம் வந்துவிடுமா தர்சினி?

தர்சினி: பி12 குறைவால் வந்த பங்கு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பலாம் மாமா, கனநாள் கெட்டது முழுதாகத் திரும்பாமலும் போகலாம். சீனியால் வந்த பங்கை விற்றமின் ஊசி திருப்பாது, சீனியைக் கட்டுப்படுத்தினால் மேலும் கெடாமல் வைத்திருக்கலாம். விற்றமின் குறைந்தவர்களுக்கு அது மருந்து. குறையாதவர்களுக்கு அது வெறும் செலவு, பி6 என்றால் கேடும்கூட. இதை உங்கள் வேலையிடத்து ஆட்களுக்கும் சொல்லுங்கோ.

பெரியம்மா: நேற்று இரவு மூன்று மணிக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தேன். நல்லூர்க் கோவிலில் கொடி ஏற முந்தி சரியாகிவிட்டால் போதும். இந்த முறை வீதியில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறதாக நேர்ந்திருக்கிறேன்.

தர்சினி: பெரியம்மா, முருகனுக்கு நேர்ந்ததை நான் மறிக்கவில்லை. ஆனால் மத்தியான வெயிலில் அந்த வீதி மணல் எப்படிக் கொதிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், உங்கள் காலுக்கு மட்டும் தெரியாது. உணர்ச்சி இல்லாத காலோடு திருவிழாவுக்குப் போய்க் கொப்புளம் போட்டு, அது புண்ணாகி, விரல் எடுக்க வேண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். இருபத்தைந்து நாள் திருவிழா. அதிகாலைப் பூசைக்கு, மணல் குளிர்ந்து கிடக்கிற நேரம் போங்கோ. வந்தவுடன் சுதன் அண்ணா உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ஒரு சின்னச் சிவப்பு இருந்தாலும் கிளினிக்.

சுதன் அண்ணா: நான் பார்க்கிறேன். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடுதான் திரிகிறா, முற்றத்தில் முள் குத்தினால்கூடத் தெரியாது.

அம்மா: அதிகாலைக்கு நானும் வருகிறேன் அக்கா, சேர்ந்து போவோம்.

கனடா மாமா: அடுத்த பெட்டி இந்த மாதக் கடைசியில் போடுகிறேன். போத்தல் ஒன்றும் இல்லை. சீனி வருத்தக்காரருக்கென்று உள்ளே தையல் முட்டாத மெத்தென்ற சப்பாத்து இங்கே இருக்கிறது, அது அனுப்பலாமா?

தர்சினி: அது நல்ல வேலை மாமா! முன்பக்கம் அகலமானதாகப் பாருங்கோ. சுதன் அண்ணா, கால் பின்னேரத்தில் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த நேரம் இரண்டு பாதத்தையும் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அளவை இங்கே போடுங்கோ.

சுதன் அண்ணா: ஆறு மணிக்குப் போடுகிறேன். இடது கால் கொஞ்சம் பெரிது, இரண்டையும் வரைகிறேன்.