ஆலமரம் குடும்பக் குழு: மிச்ச மாத்திரை

மாலா அத்தை, காலை 6:42
அம்மாவுக்கு ராத்திரி நாலு தடவை வயித்தால போச்சு. போன தடவை வாங்கின ஓஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் அட்டையில நாலு மிச்சம் இருக்கு. ஒண்ணு குடுத்துடவா?

கவிதா, 6:44
குடுக்காதீங்க அத்தை. ரத்தம், சளி போகுதா? காய்ச்சல்?

மாலா அத்தை, 6:45
இல்ல. வெறும் தண்ணிதான்.

செந்தில் பெரியப்பா, 6:49
அப்ப ஆன்டிபயாடிக்கே வேண்டாம் மாலா. இந்த மாதிரி பேதி பெரும்பாலும் வைரஸ், அதுக்கு அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது. ஓஆர்எஸ் ஒரு முழு பாக்கெட், ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணி. ஒரு டம்ளருக்குக் கொஞ்சமா கொட்டிக் கலக்காத, உப்பு எக்குத்தப்பா ஏறிடும். ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு டம்ளர், மடக்கு மடக்கா. 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிடு.

மாலா அத்தை, 6:51
சுகர் இருக்கே அண்ணா, இனிப்பாச்சே?

செந்தில் பெரியப்பா, 6:54
லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அது இருந்தாதான் குடல் உப்பையும் தண்ணியையும் உள்ள இழுக்கும். உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்ட பொடியா பாத்து வாங்கு, ஜூஸ் டப்பா வேண்டாம்.

நான் பயப்படறது வேற. அம்மா சாப்பிடற சுகர் மாத்திரை கிளிமிபிரைடு. அதோட இந்த ‘ஃப்லாக்சசின்’ வகை சேர்ந்தா சுகர் திடீர்னு இறங்கும். வயசானவங்க, அதுவும் வெறும் வயிறுன்னா மயக்கம் வரைக்கும் போகும். சாப்பாடு இறங்கலைன்னா காலை கிளிமிபிரைடைக் குடுக்காத, மீட்டர்ல பாத்து எனக்கு நம்பரைச் சொல்லு.

பிரபு, 7:10
பெரியப்பா, எனக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு லீவோஃப்லாக்சசின் 500 எழுதியிருக்காங்களே. நிறுத்திடவா?

செந்தில் பெரியப்பா, 7:15
நீயா நிறுத்தாத. ஆம்பளைங்களுக்கு வந்தா ப்ராஸ்டேட்டையும் சந்தேகப்படணும், இந்த மருந்து அங்க நல்லா இறங்கும். எந்தக் கிருமின்னு பாக்கற யூரின் கல்ச்சர் டெஸ்ட் குடுத்திருந்தா ரிசல்ட்டைக் கேட்டு வாங்கு. பொம்பளைங்களுக்கு வர்ற சாதாரண நீர்க்கடுப்புக்குத்தான் இதை முதல்ல எடுக்கக் கூடாது. கிட்னி சரியா இருந்தா நைட்ரோஃப்யூரன்டாயின் 100 ரெண்டு வேளை, 5 நாள் போதும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2016லயே சொல்லிடுச்சு, சாதாரண நீர்க்கடுப்பு, சைனஸ், நாள்பட்ட ப்ராங்கைட்டிஸ் கூடினதுக்கு வேற வழி இருந்தா இதைத் தொடாதீங்கன்னு.

கவிதா, 7:21
தம்பி, கால்சியம், இரும்பு, ஜிங்க் மாத்திரை, அசிடிட்டி சிரப் எதுவா இருந்தாலும் லீவோவுக்கு முன்னாடி 2 மணி, பின்னாடி 2 மணி தள்ளு. அந்த உலோகம் வயித்துக்குள்ளயே மருந்தைக் கட்டிப் போட்டுடும், ரத்தத்துல ஏறாது. சிப்ரோஃப்லாக்சசின்னா இன்னும் கறார். இதையெல்லாம் சாப்பிட்டு 6 மணி நேரம் போகணும், சிப்ரோ போட்ட பிறகுன்னா 2 மணி. பால், தயிரோட சிப்ரோவை முழுங்கவே கூடாது. முதுகுவலிக்கு டிசானிடின் சாப்பிடறவங்களுக்கு சிப்ரோ கிடையவே கிடையாது, பிபி படுத்துடும்.

இந்த ‘ஃப்லாக்சசின்’ வகை சாப்பிடறப்ப குதிகாலுக்கு மேல இழுக்குதுன்னா அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டருக்குப் போன். நடக்காத, எண்ணெய் போட்டு உருவாத. அங்க தசைநாண் அறுந்தே போகலாம், மருந்து நிறுத்தி மாசக்கணக்குல கழிச்சும். 60 தாண்டினவங்க, ஸ்டீராய்டு சாப்பிடறவங்க கூடுதல் ஜாக்கிரதை. கை கால் மதமதப்பு, எரிச்சல், மனக் குழப்பம் வந்தாலும் இதே கதைதான்.

பிரபு, 7:24
இருமலுக்கு இதையேதான் கடையில கேட்டதும் குடுக்கறாங்க அக்கா.

கவிதா, 7:26
தப்பு. லீவோ எச்1 பட்டியல்ல இருக்கு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து. சீட்டு பாத்து, டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரைன்னு ரிஜிஸ்டர்ல எழுதி 3 வருஷம் வெச்சிருக்கணும்.

செந்தில் பெரியப்பா, 7:31
இருமல்ல இன்னொரு வில்லங்கம். இது டிபி கிருமியையும் அரைகுறையா அடிக்கும். இருமல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும், நோய் பிடிபடத் தள்ளிப்போகும், கிருமிக்கு மருந்தும் பழகிடும். மருந்துக்கு மசியாத டிபிக்கு இதே குடும்பத்து மாத்திரைதான் பெரிய துணை. ரெண்டு வாரம் தாண்டின இருமல்னா முதல்ல சளி டெஸ்ட்.

மாலா அத்தை, 7:40
ரெண்டு டம்ளர் குடிச்சாங்க. சுகர் 118. கஞ்சி கேக்கறாங்க.

செந்தில் பெரியப்பா, 7:42
உப்புப் போட்டுக் குடு. ஆறு மணி நேரம் யூரின் போகலைன்னாலோ, தூங்கி வழிஞ்சாலோ, ரத்தம் போனாலோ ஆஸ்பத்திரி.

கவிதா, 7:43
அத்தை, அந்த நாலு மாத்திரையைத் தனியா எடுத்து வைங்க, வரும்போது நான் வாங்கிட்டுப் போறேன்.