வைஃபை அலையை ஓவியத்தில் எப்படிக் காட்டுவது?

கேள்வி:
சிறுவர்களுக்கான அறிவியல் கண்காட்சிக்காக, ஒரு வீட்டுக்குள் வைஃபை பரவும் விதத்தை நான்கில் ஒரு பங்கு அளவில் சுவரோவியமாக வரைந்து வருகிறேன். ரவுட்டரைச் சுற்றி வளையங்களிட்டு, அருகில் சிவப்பும் தொலைவில் நீலமுமாகத் தீட்டியிருந்தேன். அதைப் பார்த்த இயற்பியல் ஆசிரியர் ஒருவர், "அலைக்கு ஏது நிறம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நிறமே இல்லாமல் இதை எப்படி வரைவது?

பதில் 1:
நிறம் இடுவதில் தவறில்லை. அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதில்தான் சிக்கல். சிவப்பு படிப்படியாக நீலமாவதைக் காணும் பிள்ளை, போகப்போக அலையின் தன்மையே மாறுகிறது என்று எண்ணிக்கொள்ளும். உண்மையில் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) மாறுவதில்லை, வலிமைதான் குறைகிறது. தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். எனவே ஒரே நிறத்தை எடுத்துக்கொண்டு, தொலைவுக்கேற்ப அதை வெளிறச் செய்யுங்கள். வளையங்களின் இடைவெளியை மட்டும் எங்கும் மாற்றாதீர்கள். அந்த இடைவெளிதான் அலைநீளம். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 செ.மீ., அதாவது ஒரு பேனாவைவிடச் சற்றுக் குறைவு; உங்கள் அளவில் அது சுமார் 3 செ.மீ. ஆகும். வளையங்கள் விலகிக்கொண்டே போவதுபோல் வரைவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை.

பதில் 2:
வரைவதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். 2011-இல் ஓஸ்லோ நகரில் மூன்று வடிவமைப்பாளர்கள், 80 விளக்குகள் பொருத்திய 4 மீட்டர்க் கோலை ஏந்தி இரவில் நடந்தார்கள். சிக்னல் கூடினால் கூடுதல் விளக்குகள் எரியும். கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுத்த படங்களில், அது தெருவோரம் எழுந்து தாழும் ஒளித்திரையாகப் பதிந்தது. எட்டே விளக்குகளோடு நானும் இதை வீட்டுக்குள் செய்து பார்த்தேன். இரும்பு பீரோவின் பின்புறம் ஐந்து விளக்குகள் ஒரேயடியாக அணைந்தன. ரவுட்டருக்கு முதுகைக் காட்டி நின்றபோதும் வெளிச்சம் இறங்கியது. உடலிலுள்ள நீர் அலையை உறிஞ்சுகிறது என்பது பிறகுதான் உறைத்தது. உங்கள் ஓவியத்தில் மனிதர்கள் இருந்தால், அவர்களுக்குப் பின்னாலும் நிழல் விழ வேண்டும்.

பதில் 3:
இரண்டு திருத்தங்கள். நிமிர்ந்து நிற்கும் குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை பந்துபோலப் பரவாது. தரையில் கிடத்திய டயர் ட்யூப் போலப் பக்கவாட்டில்தான் பரவும், நுனிக்கு நேர் மேலே மிகவும் மெலிந்திருக்கும். அடுத்து, சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரே வரும் அலையும் சந்திக்கும்போது, அரை அலைநீளத்துக்கு ஒன்றாக மங்கிய இடங்கள் உண்டாகும். கைபேசியைச் சற்று நகர்த்தியதும் இணைப்பு சீராவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. சிவப்பை நீக்கிவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆன்டெனா நுனிக்கு மேலே ஓரிடத்தை வெறும் சுவராகவே விட்டிருக்கிறேன். சுவரோரத்தில் ஒன்றரை செ.மீ.க்கு ஒரு மங்கல் வைத்து வரைவது கைக்குப் பெரும் வேலையாக இருப்பதால், சமையலறைச் சுவர் ஒன்றில் மட்டும் அதைக் காட்டப்போகிறேன்.