மனைவி மதுரையில், டெக்சாஸில் வீட்டு க்ளோசிங்: எங்கே, எப்படிக் கையெழுத்து போடுவது?

கேட்டவர்: ஃப்ரிஸ்கோ புதுசு

டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்குகிறோம். 28, வெள்ளிக்கிழமை க்ளோசிங், அதாவது கையெழுத்து போட்டு வீட்டைக் கைமாற்றும் நாள். கடனிலும் பத்திரத்திலும் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. மாமியாருக்கு அவசர அறுவை சிகிச்சை என்று மனைவி மதுரைக்குக் கிளம்பிவிட்டாள். அடுத்த மாதம் நடுவில்தான் திரும்புவாள். டைட்டில் கம்பெனியை (வீட்டு உரிமையைச் சரிபார்த்து க்ளோசிங்கை நடத்துபவர்கள்) கேட்டால் கடன் தரும் லெண்டரைக் கேளுங்கள் என்கிறார்கள், லெண்டர் டைட்டில் கம்பெனியைக் கை காட்டுகிறார். மதுரையில் ஒரு நோட்டரி வக்கீலிடம் பவர் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பினால் போதுமா? கைவசம் 17 நாள்.

பிளேனோவாசி

போதாது. கடன் பத்திரத்தோடு பவரையும் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிவு செய்வார்கள், அதனால் மையால் கையெழுத்திட்ட அசல் வேண்டும். இந்திய நோட்டரி என்றால் அதற்கு மேல் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று, கேட்பார்கள். அந்த அலைச்சல் வேண்டாம்.

சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்திலேயே நோட்டரி சேவை உண்டு. முத்திரை ஒன்றுக்கு 50 டாலர். அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. ஆன்லைனில் அப்பாயிண்ட்மென்ட் எடுக்க வேண்டும், அதை இன்றைக்கே பாருங்கள். அங்கே அதிகாரி முன்னால்தான் கையெழுத்து, வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பவர் வாசகத்தை நீங்கள் எழுதாதீர்கள். டைட்டில் கம்பெனியே தரட்டும், லெண்டர் மெயிலில் சம்மதம் சொல்லட்டும். பொதுப் பவர் உதவாது. இந்த வீடு, இந்தக் கடன் என்று குறித்து எழுதியதாக இருக்க வேண்டும்.

ஆஸ்டின் அக்கா

தம்பி, பெயரைப் பாருங்க முதல்ல! நம்ம ஊர்ப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாமல், விசாவில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருந்தால் கடன் தாளில் ஒரு பெயர், பவரில் ஒரு பெயர் என்று நிற்கும். எங்களுக்கு அதனாலேயே மூன்று நாள் போனது.

ஃப்ரிஸ்கோ புதுசு

அக்கா, அதே எஃப்என்யூ கதைதான்! டைட்டில் கம்பெனிக்கு இப்போதே எழுதுகிறேன். வீடியோவிலேயே கையெழுத்து போடும் ஆன்லைன் நோட்டரி என்று ஒன்று இருக்கிறதாமே? இல்லையென்றால் அவள் பெயரைக் கடனிலிருந்து எடுத்துவிடலாமா?

பிளேனோவாசி

ஆன்லைன் நோட்டரியை டெக்சாஸ் 2018 ஜூலையிலிருந்து அனுமதிக்கிறது. ஆனால் லெண்டரும் டைட்டில் காப்பீட்டுக்காரரும் (வீட்டு உரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் ஈடு தருபவர்) ஒத்துக்கொள்ள வேண்டும். ஆளை உறுதிப்படுத்த பழைய முகவரி, பழைய கடன் என்று கேள்வி கேட்பார்கள். இங்கே கிரெடிட் வரலாறு குறைவாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பெயரை எடுப்பது? அவருடைய சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துத்தானே கடன் கொடுத்தார்கள்? எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எடுத்தாலும் இது கம்யூனிட்டி பிராபர்ட்டி மாநிலம் (கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து பொதுவாக இருவருக்கும் சொந்தம்), மனைவி கையெழுத்தைப் பெரும்பாலும் கேட்கத்தான் செய்வார்கள்.

ஆஸ்டின் அக்கா

இன்னொன்று. க்ளோசிங் டிஸ்க்ளோஷர், அதாவது கடனின் கடைசிக் கணக்குத் தாள், க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாள் முன்னதாகக் கைக்கு வர வேண்டும். உங்கள் கணக்குக்கு 25, செவ்வாய். சனிக்கிழமையும் அதில் வேலை நாள்தான், ஞாயிறு கிடையாது. அதில் வட்டியையும் கடைசித் தொகையையும் பழைய மதிப்பீட்டோடு ஒப்பிடுங்க.

பணத்தை வயர் (வங்கி வழியாக அனுப்புவது) செய்யும் முன் டைட்டில் கம்பெனிக்குப் போன் போடுங்க, மெயிலில் வந்த நம்பருக்கு இல்லை, முதல் நாள் நீங்களே குறித்து வைத்த நம்பருக்கு. "கணக்கு எண் மாறிவிட்டது" என்று எனக்கு வந்த மெயில் அச்சு அசலாக அவர்கள் எழுதியது போலவே இருந்தது. ஒரு போன்தான் காப்பாற்றியது.

ஃப்ரிஸ்கோ புதுசு

முடிந்தது! மனைவி பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், தூதரகத்தில் கையெழுத்து போட்டு, அன்றைக்கே கூரியர் அனுப்பினாள். (போனை உள்ளே விடவில்லை, விவரங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தது உதவியதாம்.) அசல் 26ஆம் தேதி வந்தது. இரண்டு விதப் பெயரும் ஒரே ஆள்தான் என்று கூடுதலாக ஒரு தாள் போட்டார்கள்.

ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குபவரும் விற்பவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கைரேகை வைப்போம். இங்கே விற்றவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் காலையிலேயே வந்து கையெழுத்து போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் ஒவ்வொரு இடத்திலும் என் பெயர், அப்புறம் அவள் பெயர், அதன் கீழே "அவருக்காக" என்று மறுபடி என் பெயர். ஒரு மணி நேரம் என்றார்கள், இரண்டே கால் ஆனது. லெண்டர் பணம் வந்து சேர்ந்த பிறகு, மாலை நாலரைக்குத்தான் சாவி கொடுத்தார்கள்.