வட சென்னையில் டக்குகளும் வேலைப் படகுகளும்: மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி

உப்புக்காற்று:

காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன டக் (துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுக்கவும் தள்ளவும் செய்கிற இழுவைப் படகு) ரொம்ப நாளாக ஒதுங்கி நின்றதே, உங்களில் பாதிப் பேராவது அதைப் படம் எடுத்திருப்பீர்கள். கறுப்பு உடம்பு, மஞ்சள் புகைபோக்கி, சுற்றிலும் லாரி டயர். வேலைப் படகின் அழகு என்பார்களே, அந்தத் துருவின் நிறத்துக்காகத்தான் நானும் போனேன்.

காவலுக்கு இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாமா, துருவையே புட்ச்சினுகீற? இப்டி வா, இத்தப் பாரு" என்று பின்பக்கம் கூட்டிப் போனார். இழுவைக் கொக்கிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு வளைவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். வடம் உரசி உரசி விழுந்தது. "கவுறு துன்ன எடம்" என்று அதில் விரலை வைத்துக் காட்டினார்.

அடுத்து நடந்ததுதான் என்னை விடாமல் உறுத்துகிறது. அவசரத்துக்குக் கொக்கியை விடுவிக்கும் கைப்பிடி ஒன்று இருக்கும் அல்லவா, அது எப்படி வேலை செய்யும் என்று காட்டப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. யாரோ மேலே பெயிண்டை அப்பி, இடுக்கெல்லாம் அடைத்துப் போயிருந்தது. அவர் முகமே மாறிவிட்டது. அப்புறம் என்னோடு பேசவே இல்லை. உள்ளே போய் ஒரு சுத்தியலும் தகர டப்பாவில் கொஞ்சம் டீசலும் எடுத்து வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டித் தட்டிப் பெயிண்டை உதிர்த்து, அந்தக் கொக்கி படாரென்று திறக்கிற வரை எழுந்திருக்கவில்லை.

எஞ்சினைக் கழற்றிவிட்ட படகு அது. இனி எந்தக் கப்பலையும் இழுக்கப் போவதில்லை. அவருக்கு அது தெரியாதா?

ராயபுரத்துப் பெண்:

தெரியும் அக்கா. தெரிந்துதான் செய்திருப்பார். என் அப்பா டக்கில் கிரீசராக (எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிறவராக) இருந்தவர், அவராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

பழைய மாதிரி டக்கில் வடம் படகின் நடுப்பக்கம் கொக்கியில் மாட்டியிருக்கும். கப்பல் திடீரென்று வேகம் பிடித்து டக்கைத் தாண்டிப் போனால் வடம் பக்கவாட்டில் இழுக்கும். அப்போது டக் தலையைத் திருப்ப முடியாது, அப்படியே குப்புறக் கவிழும். யோசிக்க நேரம் கிடையாது. அந்தக் கைப்பிடியை இழுத்தால் வடம் தெறித்துப் போகும், எல்லோரும் பிழைப்பார்கள். கீழே எஞ்சின் அறையில் இருக்கிறவருக்கு மேலே என்ன நடக்கிறது என்றே தெரியாது. மேலே நிற்கிற ஆள் சரியான நொடியில் இழுப்பான் என்ற நம்பிக்கையில்தான் அவர் வேலை செய்கிறார். அப்பாவுடைய வாழ்க்கை முழுக்க அப்படித்தான் போனது.

என்னுடையது படம் இல்லை, சத்தம். டிசம்பர் 31 ராத்திரி 12 மணிக்குத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் எல்லாம் சேர்ந்து ஊதும், ராயபுரம், தண்டையார்பேட்டை ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு அன்று ராத்திரி வேலை. அம்மா எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் நிற்க வைத்தார். பெரிய கப்பல்களின் அடித்தொண்டைச் சத்தத்துக்கு நடுவில் மெலிசாக ஒன்று கேட்டது. அம்மா விரலைத் தூக்கி, "இதோ, உங்க அப்பாவோட போட்" என்றார்.

மறுநாள் காலையில் அப்பா வந்ததும் ஓடிப் போய், கேட்டது, கேட்டது என்று சொன்னோம். "ஊதினாங்களா?" என்றார். எஞ்சின் பக்கத்தில் காதில் வேஸ்ட் துணி அடைத்துக்கொண்டு நின்றவருக்கு அது கேட்கவே இல்லை.

எண்ணூர்க்காரன்:

இரண்டையும் படித்தேன். இருந்தாலும் "வேலைப் படகின் அழகு" என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2017 ஜனவரி 28. எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் அது கட்டி கட்டியாக ஒதுங்கியது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள், அந்தப் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. நானும் கேமராவோடு போயிருந்தேன். மணலில் இழுத்துப் போட்ட ஒரு ஃபைபர் படகு, அணியம் (முன்முனை) வரை கறுப்பு. படகுக்காரர் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரே ஒரு இடத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் பேர் எழுதியிருந்த இடம். மற்றதைத் தொடவில்லை. பேர் முழுசாகத் தெரிகிற வரை தேய்த்துவிட்டுத் துணியைக் கீழே போட்டார்.

படம் எடுத்தேன். யாராவது அதைப் பார்த்து அழகு என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இன்றுவரை எங்கும் போடவில்லை.

இன்னொன்று. இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பங்கு தெற்கிலிருந்து வடக்கே போகிறது. துறைமுகத்தின் கல்சுவர் அதைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் மெரினா அகலமானது, எங்கள் பக்கம் கரை கடலுக்குப் போனது. திருவொற்றியூர் நெடுக இன்று கருங்கல்தான் கரை. டக்கைப் படம் எடுக்கிறவர்கள் கேமராவை ஒரு தடவை வடக்கேயும் திருப்புங்கள்.

கல்மண்டபம்:

எண்ணூர்க்காரன் மணலைப் பற்றிச் சொல்வது சரி. அதற்காக டக்கில் வேலை செய்கிறவர்களை ஏன் படம் எடுக்கக் கூடாது? அந்த மணலும் அலையும் துறைமுகத்தையும் விட்டு வைக்கவில்லை. முதலில் வாசல் கிழக்கே, கடலை நேராகப் பார்த்து இருந்தது. 1881 புயலில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த சுவர்களே நொறுங்கிப் போயின. பிற்பாடு துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அந்த வாசலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிதாக வைத்தார்கள். கப்பல் உள்ளே நுழைவதை நம் பக்கத்துக் கரையிலிருந்து பார்க்க முடிவது அதனால்தான்.

நான் பார்த்தது இதுதான். காசிமேட்டு என்4 கடற்கரைக் கற்கள் மேல் நின்றிருந்தேன். பெரிய கண்டெய்னர் கப்பல் ஒன்று வந்தது. டக் அதன் மறுபக்கம் போய் மறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் கப்பலின் மூக்கு, யாருமே தொடாத மாதிரி, மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. தள்ளுகிறவன் கண்ணில் படவே இல்லை. அந்தப் படத்தில் டக் கிடையாது, ஆனாலும் நான் எடுத்த நல்ல டக் படம் அதுதான்.

புதிதாக எடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து வருவதால் படகெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் விழும். உருவம் மட்டும் போதும் என்றால் சரி, பெயிண்டும் துருவும் முகமும் வேண்டுமென்றால் சாயங்காலம் 4 மணிக்கு மேல் போங்கள். முதுகுக்குப் பின்னால் வெயில், படகின் மேல் நேராக விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகளைக் கரையில் ஏற்றி வேலை பார்ப்பார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கிற அடிப்பாகம், சுக்கான், விசிறி எல்லாம் வெளியே தெரியும். படகின் வடிவம் புரிய வேண்டுமென்றால் அதுதான் சமயம். படகில் ஏறுவதற்கு முன் கேளுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். ஏலம் நடக்கிற இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள், கூடை தூக்கி வருகிறவர் உங்களுக்காக நிற்க முடியாது. துறைமுக எல்லைக்குள் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்கவே கூடாது, டிரோனும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவைத் துடைத்துவிடுங்கள், காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கண்ணாடியைக் கீறும். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

உப்புக்காற்று:

எண்ணூர்க்காரன் அண்ணா, அந்தப் படகுக்காரர் மகள் பேரைத் தேய்த்ததையும் பெரியவர் கொக்கியைத் திறந்ததையும் நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். நீங்கள் சொல்கிற அழகு வேறு, நான் தேடிப் போனது வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்தை வெளியிடுவதும் வெளியிடாததும் உங்கள் உரிமை. படகுக்காரரிடமாவது ஒரு பிரதி இருக்கட்டும்.

எண்ணூர்க்காரன்:

அது நியாயம். கொடுக்கிறேன். கரை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

துடுப்பு:

இங்கே எல்லோரும் கொக்கி வைத்த பழைய டக்கையே பேசுகிறீர்கள். அது போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது வருகிறவற்றில் சுக்கானே இல்லை, அடியில் இருக்கிற விசிறியே 360 டிகிரியும் சுற்றும். பக்கவாட்டிலும் போகும், நின்ற இடத்திலேயே சுழலும். வோய்த் என்று இன்னொரு வகை, அதில் அடியில் செங்குத்தாகத் தொங்கும் கத்திகள் வட்டமாகச் சுற்றும். 50, 60 டன் இழுவை சாதாரணம். வடமும் கொக்கியில் இல்லை, வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சில் இருக்கும்.

நான் ஒரு பழைய டக்கின் எஞ்சின் அறைக்குள் தெரிந்தவர் மூலமாகப் போனேன். டீசல் எஞ்சினை ஓட விட்டார்கள். பேசவே முடியாது, நெஞ்சுக்குள் அடிக்கிற மாதிரி இருந்தது. அந்த அதிர்வில் என் கையில் கேமரா நிற்கவே இல்லை, எல்லாப் படமும் இரட்டையாக விழுந்தது. அவற்றில்தான் அந்த அறை இருந்தபடி இருக்கிறது. மத்திய அரசு 2024இல் பசுமை டக் திட்டம் அறிவித்துவிட்டது, முதல் கட்டமாகத் தூத்துக்குடி உட்பட 4 துறைமுகங்களுக்கு ஆளுக்கு 2 டக்காவது வரும். எல்லாம் பேட்டரிக்கு மாறினால் அந்தச் சத்தம் போய்விடும். அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. படம் எடுக்கிறவர்கள் ஒலியையும் பதிவு செய்யுங்கள்.

ராயபுரத்துப் பெண்:

துடுப்பு அண்ணா, பதிவு செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் போய்விடுமே என்று வருத்தப்படாதீர்கள். அந்தச் சத்தத்தில்தான் அப்பாவுடைய இடது காது போனது. கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளை கூப்பிட்டால் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவான், அவனுக்கு அதுவே பழக்கமாகி இன்றைக்கும் யாரைக் கூப்பிட்டாலும் தோளைத் தொடுகிறான்.

பேட்டரி டக் சென்னைக்கு வரட்டும். உள்ளே ஷிஃப்டுக்கு நிற்கிறவர் பக்கத்து ஆளோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே வேலை பார்ப்பதை, அனுமதி வாங்கியாவது நான் போய் எடுப்பேன்.