ஞாயிறு ஏர்சாஃப்ட் போகிறேன், வாட்ஸ்அப் குழுவில் பேசுவது பாதிக்கு மேல் புரியவில்லை

நனைந்த_குடை எழுதியது:

வணக்கம் மக்களே. கவென்ட்ரியில் வேலை, இங்கிலாந்து வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆபீஸில் ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் போய் ஏர்சாஃப்ட் (போலித் துப்பாக்கியால் பிளாஸ்டிக் குண்டு சுட்டுக்கொள்ளும் ஆட்டம்) விளையாடுகிறார்கள், இந்த முறை நீயும் வா என்று விடாமல் கேட்டதால் சரி என்றுவிட்டேன். குழுவில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து வருவதெல்லாம் இந்த மாதிரிதான்: "கிரோனோ ஒன்பது மணிக்கு", "பயோ மட்டும்", "ஏஇஜி 350, போல்ட் 500, எம்இடி 30", "டெட் ராக் மறக்காதே", "ஹைகேப் சத்தம் தாங்க முடியவில்லை". எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி பேசிக்கொள்கிறார்கள், நடுவில் புகுந்து இது என்ன அது என்ன என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இதையெல்லாம் யாராவது தமிழில் புரியும்படி சொன்னால் புண்ணியமாகப் போகும். அப்புறம் ஒரு சக ஊழியர் தன்னுடைய பழைய எம்4 மாடல் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை மலிவாகத் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம், நீல நிறத்தில் ஆன்லைனில் வாங்கு என்கிறார். எதை வாங்குவது? நான் பவர் கண்ணாடி போடுபவன், அது சிக்கலாகுமா? கடைசியாக, வலிக்குமா? இது வீட்டம்மா கேட்கச் சொன்ன கேள்வி, எனக்கும் தெரிந்தால் நல்லது.

கியர்பாக்ஸ்_வைத்தியர் எழுதியது:

நண்பா, முதலில் ஒன்று: ஞாயிற்றுக்குள் துப்பாக்கி எதுவும் வாங்காதே. நீலமும் வேண்டாம், எம்4-உம் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

எல்லோரும் சுடுவது பிபி என்கிற 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. சரியாகச் சொன்னால் 5.95 மி.மீ. இருக்கும். எடை 0.20 கிராமில் தொடங்கி 0.25, 0.28, 0.30 என்று ஏறி, ஸ்னைப்பர்காரர்கள் 0.40-க்கும் மேலே போவார்கள். "பயோ" என்றால் மண்ணில் மக்கக்கூடிய பிபி, காட்டில் நடத்தும் பல இடங்களில் வேறு எதையும் அனுமதிக்க மாட்டார்கள். திறந்த பாக்கெட்டை ஈரத்தில் வைக்காதே, ஈரம் பட்ட பிபி பேரலுக்குள் மாட்டிக்கொண்டால் அன்றைய பொழுது அதை நோண்டுவதிலேயே போய்விடும்.

அந்த 350, 500 எல்லாம் எஃப்பிஎஸ், அதாவது 0.20 கிராம் பிபி ஒரு விநாடிக்கு எத்தனை அடி வேகத்தில் போகிறது என்பது. இங்கே பெரும்பாலான களங்களில் ஏஇஜிக்கு, அதாவது பேட்டரித் துப்பாக்கிக்கு, 350 உச்சவரம்பு. ஆற்றலாகக் கணக்குப் போட்டால் 1.14 ஜூல் சொச்சம் வரும். உண்மையில் நீ பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த ஜூலைத்தான், எஃப்பிஎஸ்ஸை அல்ல, ஏனென்றால் அதே துப்பாக்கியில் 0.28 போட்டால் ஆற்றல் மாறாமலே வேகம் 296 பக்கம் இறங்கிவிடும், அதைப் பார்த்துவிட்டு "என் துப்பாக்கி வீக்காக இருக்கிறது" என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒருத்தன் புலம்புவான். சட்டமும் ஜூலில்தான் பேசுகிறது. 2017-இல் வந்த சட்டப்படி தொடர்ந்து சுடக்கூடியதற்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாக மட்டும் சுடுவதற்கு 2.5 ஜூல். அதற்கு மேல் போனால் அது ஏர்சாஃப்ட் கணக்கிலேயே வராது, நிஜத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் போய்விடும். அதனால்தான் காலையில் கிரோனோ. ஒரு சின்னக் கருவி வழியாகச் சுடச் சொல்லி வேகம் அளப்பார்கள், மீறினால் அந்தத் துப்பாக்கி அன்றைக்குக் காருக்குள்தான். ரெண்டல், அதாவது களத்தின் வாடகைத் துப்பாக்கி, எடுப்பவனுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அவர்களே அளந்து வைத்திருப்பார்கள்.

ஏஇஜி என்றால் பேட்டரியில் ஓடுவது. உள்ளே மோட்டார், பல்சக்கரங்கள், பிஸ்டன், ஸ்பிரிங். மோட்டார் பிஸ்டனைப் பின்னால் இழுத்து விடும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும், அந்தக் காற்றுதான் பிபியைத் தள்ளுகிறது. வெடிமருந்து என்று எதுவும் கிடையாது. ஜப்பானில் டோக்கியோ மாருய் கம்பெனி 1991-இல் ஃபமாஸ் மாடலில் இதைக் கொண்டுவந்தது, அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டம் இந்த அளவு பரவியது. எம்4 வகைக்கு வி2 கியர்பாக்ஸ், ஏகே வகைக்கு வி3, இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். நான் இதைத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், என் பெயரிலேயே தெரியும்.

ஜிபிபி என்பது கேஸில் ஓடுவது, சுடும்போது மேல் பாகம் நிஜம் போல் பின்னால் போய் வரும், பார்க்க அமர்க்களமாக இருக்கும். கிரீன் கேஸ் என்று டப்பாவில் விற்பது புரோப்பேனும் கொஞ்சம் சிலிகான் எண்ணெயும்தான். குளிரில் அழுத்தம் விழுந்துவிடும், போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவை சுடும்போதும் மேகசின் (பிபியும் கேஸும் நிரப்பிச் செருகும் பெட்டி) இன்னும் குளிரும், ஆகவே நவம்பரில் இங்கே கேஸ் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் மேகசினைச் சட்டைப் பைக்குள் சூடாக வைத்துக்கொண்டு அலைவதைப் பார்ப்பாய். போல்ட் என்பது ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துச் சுடும் ஸ்னைப்பர். அதற்கு 500 வரை விடுவார்கள், பதிலுக்கு எம்இடி, அதாவது ஆளுக்கும் உனக்கும் குறைந்தது 30 மீட்டர் இடைவெளி இல்லாமல் அதால் சுடவே கூடாது. கிட்டே வந்துவிட்டால் பிஸ்டலை எடுக்க வேண்டும்.

ஹாப்-அப் என்று அடிக்கடி காதில் விழும். பேரல் தொடங்கும் இடத்தில் மேலே ஒரு ரப்பர் மேடு, பிபி அதை உரசிப் போகும்போது பின்சுழற்சி கிடைக்கும். லெக் ஸ்பின்னர் டாப்ஸ்பின் போட்டால் பந்து சட்டென்று கீழே இறங்குமே, இது அதற்கு நேர் எதிர், பிபி கீழே விழாமல் மிதந்து போகும். குறைவாக வைத்தால் சீக்கிரம் தரையில் விழும், கூட்டினால் வானத்தைப் பார்த்து ஏறும். ரெண்டல் துப்பாக்கி கைக்கு வந்ததும் நாலைந்து சுட்டுப் பார், நேராகப் போகவில்லை என்றால் அங்கே இருப்பவரிடம் ஹாப்பைச் சரிசெய்து தரச் சொல். எண்பது சதவீதம் பேர் "ரெண்டல் குப்பை" என்று திட்டுவது இது சரியில்லாததால்தான் (எண்பது என்பது என் வயிற்றெரிச்சல் கணக்கு).

ஹைகேப், மிட்கேப் எல்லாம் மேகசின் வகைகள். ஹைகேப் முந்நூறு பிபி போல் பிடிக்கும், அடியில் ஒரு சக்கரத்தைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடினால் கிலுகிலு என்று சத்தம். மிட்கேப் நூறு சொச்சம், திருக வேண்டாம், சத்தமும் வராது. உனக்குக் கொடுப்பது ஹைகேப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஹாரோ_அண்ணன் எழுதியது:

தம்பி, மேலே சொன்னது எல்லாம் சரி, நான் வாங்குகிற கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆட்கள் மாட்டுவது.

நிஜம் மாதிரியே இருக்கிற கறுப்புத் துப்பாக்கிக்கு இங்கே ஆர்ஐஎஃப் என்று பெயர். 2006-இல் வந்த சட்டப்படி அதை உரிய காரணம் இல்லாத ஆளுக்கு விற்பது குற்றம், கடைக்காரனுக்கு மட்டுமில்லை, உன்னுடைய ஆபீஸ் நண்பருக்கும்தான். ஆகவே அவருடைய எம்4-ஐ இப்போது வாங்கி அவரைச் சிக்கலில் விடாதே. ஒழுங்காகக் காப்பீடு எடுத்து நடத்தும் களத்தில் விளையாடுகிற ஆள் என்பதுதான் அந்தக் காரணம். அதைக் கடைக்காரர்கள் சரிபார்க்க வைத்திருக்கிற பதிவுதான் யூகாரா. ஒரே களத்தில் மூன்று ஆட்டம், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் குறைந்தது 56 நாள், அதன் பிறகு அந்தக் களமே உன்னைப் பதிவு செய்யும், வருடா வருடம் புதுப்பிக்க வேணும். சிலர் இதை லைசென்ஸ் என்று கதைப்பார்கள். லைசென்ஸ் இல்லை.

நீலம் என்று மற்றவர் சொன்னது டூ-டோன், பாதிக்கு மேல் பளிச்சென்ற நிறம் அடித்தது. 18 வயது ஆகியிருந்தால் பதிவு இல்லாமலே வாங்கலாம். ஆனால் வாங்கி வீட்டில் வைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாயோ, நீயே ஒரு ஆர்ஐஎஃப் உண்டாக்கியதாகக் கணக்கு. பதிவு கிடைக்கும்வரை வாடகைக்கு எடு, காசும் மிச்சம், உனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்றும் தெரிந்துவிடும்.

பிறகு வாங்கினாலும் வெளியில் காட்டாதே. பையில் போட்டு மூடி, வீட்டிலிருந்து கார், காரிலிருந்து களம், அவ்வளவுதான். பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், பார்த்த யாரும் பொலிசுக்கு அடித்தால் வருவது ஆயுதம் தாங்கிய ஆட்கள். நம்முடைய நிறத்துக்கு நான் இன்னும் கொஞ்சம் கூடக் கவனமாகத்தான் இருப்பேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

உடுப்புக்கு இப்போது செலவு செய்யாதே. பழைய ஜீன்ஸ், முழுக்கை மேற்சட்டை, மெல்லிய கையுறை போதும். காசு போட வேண்டியது சப்பாத்துக்கு. கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ், வடிவாகக் கட்டு, சேற்றில் வழுக்கிக் கால் பிரளுவதுதான் இந்த விளையாட்டில் நான் அதிகம் பார்த்த காயம், பிபி இல்லை. நான் பிறகு ராணுவ மிச்சக் கடையில் பிரித்தானிய ராணுவத்தின் எம்டிபி உருமறைப்பு உடுப்பு ஒரு செட் மலிவாக எடுத்தேன். அம்மா அதைக் கொடியில் கண்டுவிட்டு இந்த உடுப்பு என் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுவிட்டார். 90-களில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர், நான் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது அது காரின் பின்பெட்டியிலேயே கிடக்கிறது, களத்தில்தான் மாற்றுவது.

சேறும்_சகதியும் எழுதியது:

கண்ணாடி போடுபவர் என்றால் மெஷ் கோகிள்ஸ் எடுங்கள் ப்ரோ. கம்பி வலைதான், பனிக்கவே பனிக்காது. நான் வேறு எதுவும் போடுவதில்லை.

கியர்பாக்ஸ்_வைத்தியர் எழுதியது:

இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிபி கிட்டத்தில் பட்டால் உடையும், பயோ இன்னும் கூட, அந்தத் துகள் வலை வழியாக உள்ளே வரும். பல வருடம் எதுவும் ஆகாமல் இருக்கலாம், ஆனால் கண் இரண்டுதான் இருக்கிறது.

வாங்கும்போது ஈஎன் 166 என்று பொறித்திருக்கிறதா பார், பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். எஃப் என்றால் 0.86 கிராம் இரும்புக் குண்டை விநாடிக்கு 45 மீட்டரில் அடித்துச் சோதித்தது, கணக்குப் போட்டால் 0.87 ஜூல். களத்தில் வருவதோ 1.14, ஸ்னைப்பர் என்றால் 2.3. பி என்றால் 120 மீட்டர், 6 ஜூலுக்கு மேல். ஆகவே பி. கடையில் கட்டுமான வேலைக்கு விற்கும் கண்ணாடியில் பெரும்பாலும் எஃப்தான் இருக்கும், பக்கவாட்டிலும் திறந்திருக்கும், அதை நம்பாதே.

பவர் கண்ணாடிக்கு மேலே போடும்படி ஆழமாக, இரட்டை லென்ஸ் உள்ள கோகிள்ஸ் வரும், பனிப்பது நன்றாகக் குறையும். கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் அதைவிட நிம்மதி வேறு இல்லை. ரெண்டலோடு முழு முகமூடி தருவார்கள், முன்கூட்டியே போன் செய்து "கண்ணாடி போடுபவன், உள்ளே அடங்குமா" என்று கேட்டுக்கொள். மெஷ் வேண்டுமென்றால் வாய்க்குப் போடு, அங்கே அது அருமையான சாமான். பல் உடைந்து பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் தேடி அலைந்தவர்களைக் கேட்டுப் பார்.

நடுவில் பனித்துப் போனால் களத்துக்குள் எக்காரணம் கொண்டும் கழற்றாதே. கையைத் தூக்கு, மார்ஷலை (களத்தின் நடுவர்) கூப்பிடு, கண்ணாடியோடே சேஃப் ஸோனுக்கு (சுடக் கூடாத பகுதி) வந்து துடை.

நனைந்த_குடை எழுதியது:

அண்ணன்மார்களே, கோடி நன்றி. எம்4-க்கு "இப்போது வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன், அவருக்கே அந்தச் சட்டம் சரியாகத் தெரியவில்லை. டெட் ராக் மட்டும் யாரும் சொல்லவில்லை. வலியும்!

திருச்சி_டு_லீட்ஸ் எழுதியது:

டெட் ராக் ஒரு சிவப்புத் துணி, அவ்வளவுதான். பிபி பட்டதும் "ஹிட்" என்று கத்தி, அதைத் தலைமேல் போட்டுக்கொண்டு, ரீஸ்பான் இடத்துக்கு, அதாவது மறுபடி ஆட்டத்தில் சேரும் இடத்துக்கு, நடக்க வேண்டும். போகிற வழியில் எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று நண்பனுக்குச் சொல்லக் கூடாது, செத்தவன் பேசக் கூடாது. பெயிண்ட்பால் மாதிரி கறை எதுவும் இருக்காது, பட்டதா இல்லையா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும், முழு ஆட்டமும் அந்த நாணயத்தில் நிற்கிறது. பட்டும் நடக்கிறவனை டெர்மினேட்டர் என்று மதிய உணவு வரை கிண்டல் செய்வார்கள். அதே சமயம் உன் பிபி அவன் மேல் பட்டது என்று நீ சத்தியம் செய்தாலும் சண்டைக்குப் போகாதே, தூரத்திலிருந்து பார்த்தால் பட்ட மாதிரிதான் தெரியும், கனமான ஜாக்கெட்டில் பட்டால் அவனுக்குத் தெரியவே தெரியாது. ரொம்பத் தொந்தரவு என்றால் மார்ஷலிடம் சொல், அவர் பார்த்துக்கொள்வார்.

எட்டிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிச் சுடுவது பிளைண்ட் ஃபயர், பெரும்பாலும் எங்கும் அனுமதி கிடையாது. மிகக் கிட்டத்தில் ஒருவனைப் பிடித்துவிட்டால் பல இடங்களில் சுடாமல் "பேங்" என்று சொன்னாலே போதும், ஆனால் இது களத்துக்குக் களம் மாறும், காலையில் விதிகள் சொல்லும்போது போனைப் பார்க்காமல் கேள். சேஃப் ஸோனுக்குள் வரும் முன் மேகசினைக் கழற்றி, தரையைப் பார்த்து ஒன்றிரண்டு சுட்டு உள்ளே பிபி இல்லை என்று உறுதி செய்து, சேஃப்டி போட்டுவிட்டு வர வேண்டும்.

வலிக்குமா என்றால் வலிக்கும். ஜாக்கெட் மேல் என்றால் சுண்டிவிட்ட மாதிரி, வெறும் கழுத்திலோ விரல் கணுவிலோ என்றால் அம்மா என்று கத்துவாய், சிவப்பு வட்டம் சில நாள் இருக்கும். கழுத்துக்கு ஒரு மஃப்ளர் சுற்றிக்கொள். வீட்டில் கேட்டால் கொசுக்கடி என்று சொல்லாதே, நம்ப மாட்டார்கள்.

ஹாரோ_அண்ணன் எழுதியது:

தம்பி, ரெண்டல் பதிவு செய்துவிட்டாயா? துப்பாக்கிகள் எண்ணித்தான் வைத்திருப்பார்கள், சில இடங்களில் சனிக்கிழமைக்கு முன்னமே முடிந்துவிடும். தண்ணீர் இரண்டு போத்தல், மாற்றுக் காலுறை, காருக்குள் போட ஒரு பழைய டவல். சாப்பாடு களத்தில் பேர்கர்தான் கிடைக்கும், புளிச்சாதம் கட்டிக்கொண்டு போ, இரண்டு பேருக்குக் கூடவே கட்டு, கேட்பார்கள்.