மாம்பலம் குடும்பம்: ஊசியை நிறுத்தலாமா?

கோமதி: அப்பாவுக்கு மூணு நாளா ஜுரம் இல்ல. நாளையோட 7 நாள். ஆன்டிபயாடிக் ஊசிய நிறுத்திட்டு வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்றார்

மாலா அத்தை: ஏழு நாளா?? ரத்தத்துலயே கிருமின்னாங்களே. 14 நாள் முடிக்காம விடாதே கோமு

சேகர்: பெட் காலி பண்ணப் பாக்குறாங்களா?

கோமதி: நேர்ல வந்து கேளு அண்ணா

ரகு சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

அகிலா: அத்தை, பொறுமையா படிங்க. இதே கேள்விக்குன்னே பேலன்ஸ்னு ஒரு ஆய்வு நடந்துச்சு. 7 நாடு, 74 ஆஸ்பத்திரி, ரத்தத்துல பாக்டீரியா கலந்த 3,608 பேர். யாருக்கு 7 நாள், யாருக்கு 14னு குலுக்கிப் போட்டுப் பிரிச்சாங்க. டாக்டர் இஷ்டத்துக்கு விட்டா தெம்பா இருக்கறவங்கதான் 7 பக்கம் போவாங்க, ஒப்பிடவே முடியாது. 90 நாளுக்குள்ள இறந்தவங்க 7 நாள் பக்கம் 14.5 சதவீதம், 14 நாள் பக்கம் 16.1. 2024 நவம்பர்ல வெளியாச்சு

மாலா அத்தை: அப்ப 14 நாள் போட்டாதான் ஆபத்தா?

அகிலா: இல்ல அத்தை, அந்தச் சின்ன வித்தியாசத்த வெச்சு அப்படிச் சொல்லக்கூடாது. 7 நாள் மோசமில்ல, அவ்ளோதான். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற கிருமி இருந்தவங்க, எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவங்கள சேர்க்கவே இல்ல. கோமு, ரத்தத்துல கிருமிய வளர்த்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்ட்ல என்ன வந்துச்சு?

கோமதி: ஈ.கோலை. யூரின்லேர்ந்து ஏறினதாம்

அகிலா: அந்த ஆய்வுல அதிகமா இருந்ததே அதுதான்

ரகு சித்தப்பா: வளைகாப்புக்கு 150 இலைக்கு அட்வான்ஸ் கேக்குறார். இன்னைக்குள்ள சொல்லணும்

மாலா அத்தை: 120 போதும். அகிலா, எங்கம்மா எங்கப்பாவுக்கு ஒரு வருஷம் ஒரு வேளை விடாம மாத்திரை குடுத்தாங்க. அதனாலதான் பொழைச்சார்

அகிலா: அது டிபி அத்தை. அதை இன்னைக்கும் யாரும் தானா குறைக்கக்கூடாது. ஆனா தாத்தாவ வீட்டுல வெச்சுப் பாத்ததே ஆய்வால வந்த தைரியம்தான். 1956ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச டிபி மையம் வீட்டுல வெச்சு மருந்து குடுக்கறதையும் சானடோரியத்துல, அதாவது டிபிக்குன்னே இருந்த தனி ஆஸ்பத்திரில, தங்க வெச்சுப் பாக்கறதையும் ஒப்பிட்டுச்சு. வீட்டுலயும் குணமாகும்னு 1959ல சொன்னாங்க, கூட இருக்கறவங்களுக்கு அதனால கூடுதலா தொத்தாதுன்னும் தெரிஞ்சுது. உலகம் முழுக்க சானடோரியம் மூடினதுக்கு நம்ம மெட்ராஸ் ஜனங்க ஒரு பெரிய காரணம்

மாலா அத்தை: அப்பாவ தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பலன்னு பெரிய பாட்டி கடைசி வரைக்கும் அம்மாகிட்ட பேசல

ரகு சித்தப்பா: அது ஒட்டியாண விஷயம்

மாலா அத்தை: ரகு

சேகர்: கூட ஒரு வாரம் போட்டா என்ன கெட்டுடும்?

அகிலா: வயிறு கெடும். உடம்புல இருக்கற மத்த கிருமிங்க அந்த மருந்துக்குப் பழகும். அடுத்த தடவை பெரியப்பாவுக்கு இதே ஊசி கேக்காமப் போகலாம். எனக்கு அதுதான் பயம் அண்ணா

மாலா அத்தை: 10 நாளாவது போடச் சொல்லு

கோமதி: ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார், கேக்குறேன்

சேகர்: ராத்திரி பஸ் ஏறுறேன். நான் வர்ற வரைக்கும் டிஸ்சார்ஜ் வேணாம்

கோமதி: அப்பா வேட்டி மாத்திட்டு ரெடியா உக்காந்திருக்கார்

ரகு சித்தப்பா: 120ஆ 150ஆ?